லாகூருக்குக் கடல் இல்லை

ஸகீனா ஓரிடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பார்த்தவர்கள் பதுளையில் மூன்றே பேர்தான். மூன்று பேரும் மௌத்தாகிவிட்டார்கள் என்பதால் சாட்சி கேட்க வழியில்லை. அவள் பிறந்ததே ஓடுகிற ரயிலில் என்று சொல்வார்கள். பண்டாரவளையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட அவளுடைய உம்மாவுக்கு, தெமோதரையில் ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றித் தன் வாலுக்குக் கீழேயே நுழைகிற இடத்தில் பிள்ளை பிறந்துவிட்டதாம். சுற்றத் தொடங்கும்போது வலி, சுற்றி முடிந்தபோது பிள்ளை. இதில் எவ்வளவு உண்மை என்று அந்த உம்மாவிடம் கேட்டால், "ரயில் உண்மை" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

எப்படியோ, ஐம்பத்தாறு வயதிலும் ஸகீனா நின்ற இடத்தில் நிற்பதில்லை. பஸார் தெருவில் அவள் கணவன் புஹாரியின் பாத்திரக் கடை. அதன் பின்பக்கத்தை மறித்துத் தையற்கடை வைத்திருந்தாள். தைப்பது பள்ளிக்கூடச் சீருடை மட்டும். பிள்ளையை நிற்க வைத்து அளவெடுக்கமாட்டாள். பிள்ளையைச் சுற்றி அவள் நடந்து அளவெடுப்பாள். எடுத்துக்கொண்டே கதை சொல்வாள். கதை எப்போதும் ஒன்றுதான்: அவள் டீச்சராகாமல் போன கதை.

எண்பத்தொன்பதாம் ஆண்டு. ஆள் கடத்தலும் கொலையுமாக நாடு கெட்டுக் கிடந்த காலம். ஸகீனா ஆசிரியர் கலாசாலையில் புவியியல் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் காலை அவளுடைய வாப்பா ஸமீம் ஹாஜியார் கோவா என்கிற முட்டைக்கோஸ் மூட்டைகள் ஏற்றிய லொறியோடு விடுதி வாசலில் வந்து நின்றார். "ஏறு மகள். ரெண்டு கிழமையில திரும்பக் கொண்டு வந்து விடுறேன்." கோவா மூட்டைமேல் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தாள். அந்த இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. அடுத்த வருஷம் புஹாரிக்குக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். விடுதியில் தங்கிய பிள்ளைகளில் ஒருத்திக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. பக்கத்துக் கட்டில் றஷீதா போன வருஷம்தான் பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்வுபெற்றாள்.

கதை இவ்வளவுதான். ஆனால் ஸகீனா சொல்லும்போது வழியில் நிறுத்திச் சோதனை போட்ட இடங்கள் வருஷத்துக்கு வருஷம் கூடின. முதலில் மூன்று. இஸ்ரா பிறந்தபோது ஒன்பது. இஸ்ரா ஏ.எல். எழுதிய காலத்தில் பதினேழு. லொறியின் கோவாவும் வளர்ந்தது, கடைசியில் ஒவ்வொன்றும் ரபான் மேளத்தின் அளவுக்கு வந்து நின்றது.

இஸ்ரா ஒரே பிள்ளை. பத்து வருஷம் காத்திருந்து பெற்றது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கோவா லொறிக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். அவளுக்குப் பாகிஸ்தானில், லாகூரில் மருத்துவம் படிக்க உதவிப் பணத்தோடு இடம் கிடைத்தபோது, ஊரில் பாதிப்பேர் "பொம்புளப் பிள்ளைய அவ்வளவு தூரமா?" என்றார்கள். புஹாரி அப்போது கட்டாரில் வேலைக்குப் போயிருந்தார். ஆகவே விண்ணப்பத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் ஸகீனா கையெழுத்து வைத்தாள். அந்தக் கையெழுத்து ஐந்து வருஷம் கழித்து இப்படி வந்து தொண்டையில் நிற்கும் என்று யார் கண்டது.

இரண்டாயிரத்து இருபத்தைந்து மே மாதம். உள்ளூராட்சித் தேர்தலில் போட்ட மை சுண்டு விரலில் காயவில்லை. தெருவில் வெசாக் பண்டிகை விளக்குக் கூடுகளுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தார்கள். புதன்கிழமை காலை ஸகீனா கடையைத் திறந்தபோது சுபாஜினி ஏற்கெனவே வாசலில் நின்றாள்.

சுபாஜினி ஹாலிஎல பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். நாற்பது வயதிருக்கும். பதினோரு வருஷமாக ஸகீனாவிடம் பொத்தான் துளை தைப்பதும் மடிப்பு அடிப்பதும் அவள்தான். அவளுடைய பெரியம்மா குடும்பம் எழுபதுகளில் சாமான் சட்டியோடு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். நீலகிரியில் போய் மறுபடியும் தேயிலைதான் பறித்தார்கள். அந்தப் பெரியம்மாவின் பேரன் ஜெயகுமார் இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்து, ஜம்முப் பக்கம் எல்லையில் இருந்தான். சித்தி சித்தி என்று தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு வணக்கம் அனுப்புவான். நேரில் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை.

"ராத்தா, இன்னைக்குப் பூ வரல" என்றாள் சுபாஜினி.

ஸகீனா டிவியைப் போட்டாள். தட்டு அன்டனாவில் தமிழ்நாட்டுச் செய்திதான் தெளிவாக வரும். ஊர் ஊராகச் சங்கு ஊதிப் போர் ஒத்திகை நடத்தப் போவதாக முந்தின நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் மேசைக்கடியில் காதைப் பொத்திக்கொண்டு பதுங்கிப் பழகுவதைக் காட்டினார்கள். இப்போது படம் மாறியிருந்தது. ராத்திரியே இந்திய விமானங்கள் பாகிஸ்தானில் குண்டு போட்டுவிட்டன.

"ஒத்திகைக்கு முந்தியே கூத்தத் தொடங்கிட்டாங்க ராத்தா."

ஸகீனா போனை எடுத்தாள். மூன்றாவது தடவையில் இஸ்ரா எடுத்தாள். "ஒண்டும் இல்ல உம்மா. இங்க எல்லாம் நோர்மலா ஈக்கி. படிச்சிக் கொண்டு ஈக்கிறன்." பின்னால் யாரோ ஒரு பெண் அழுவது கேட்டது. "அது யாரு அழுற?" "அது... பக்கத்து ரூம். பல்லு வலி."

அன்று முழுக்க ஸகீனா நடந்தாள். கடைக்கும் தெருமுனைக்கும் நடுவே எத்தனை தரம் என்று எண்ணிப் பார்த்திருந்தால், கூட்டினால் கொழும்பு வந்திருக்கும். வியாழக்கிழமை லாகூரில் ஆளில்லா விமானங்கள் வந்து விழுந்தன. இஸ்ராவும் மற்றப் பிள்ளைகளும் ஜன்னல் இல்லாத நடைவழியில் பாய் விரித்துப் படுத்தார்கள். அதையும் இஸ்ரா சிரித்துக்கொண்டே சொன்னாள். டிவியில் இரண்டு நாட்டிடமும் இருக்கிற அணுகுண்டுகளை நெல் மூட்டை கணக்காக எண்ணிக் காட்டினார்கள். புஹாரி தன் கடையை விட்டு இங்கே வந்து நின்று பார்த்தார். வாங்க வந்தவர்களும் நின்று பார்த்தார்கள். சட்டி வாங்க வந்த ஒருவர், கிரிக்கெட்டில் நூற்றுக்கு மேல் ஓட்டம் எடுத்த ஆளைப் பற்றிப் பேசுவதுபோல் ஏவுகணைகளைப் பற்றிப் பேசினார்.

மதியம் செய்தி வாசித்த பிள்ளை மூச்சு வாங்கச் சொன்னது: லாகூர் துறைமுகம் தாக்கப்பட்டு, கப்பல்கள் எரிந்துகொண்டிருக்கின்றன.

புஹாரி தலையில் கை வைத்தார். "யா அல்லாஹ், மகள்ட ஊரு."

ஸகீனா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். அவளுக்குள் இருந்த புவியியல் டீச்சர் முப்பத்தாறு வருஷத்துக்குப் பிறகு எழுந்து நின்றாள். "லாகூருக்குக் கடல் எங்கேருந்து வந்த? ஆத்துலயா கப்பல் விட்ட? ஆயிரம் கிலோமீட்டர் போகணும் கடலுக்கு. இவங்களுக்குப் படிச்சுக் குடுத்தது யாரு?" சொல்லிவிட்டுச் சிரித்தாள். சட்டி வாங்க வந்தவரும் சிரித்தார். கடல் இல்லாத ஊரில் துறைமுகத்தைக் கொளுத்துகிறவர்கள் சொல்லும் மற்றதும் அப்படித்தான் இருக்கும் என்று அரை மணித்தியாலம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதியில்தான் சுபாஜினி வாய் தவறினாள். திரையில் எதுவோ வெடித்துச் சிதறியதும், தைத்துக்கொண்டிருந்த துணியிலிருந்து தலை தூக்கி, "நல்லாக் குடுத்தாங்க" என்றாள்.

ஸகீனா திரும்பினாள். "யாருக்குக் குடுத்தாங்க?"

"இல்ல ராத்தா, நா என்ன சொன்னேன்னா..."

"என்ட மகளுக்கா?"

சுபாஜினியின் முகம் வெளுத்துவிட்டது. "அங்க எங்க ஜெயகுமாரு நிக்கிறான் ராத்தா. அவனச் சுடுறவனுக்குத்தான் சொன்னேன். நம்ம இஸ்ராவப் போயி நா சொல்லுவேனா?"

ஸகீனா மேசைப் பக்கம் திரும்பினாள். துணியை விரித்து வெட்டத் தொடங்கினாள். பன்னிரண்டு சட்டைக்குக் கை வெட்டினாள். சாயங்காலம் சுபாஜினி எடுத்துப் பார்த்தபோது இருபத்துநாலும் இடது கை. பதினோரு வருஷத்தில் ஸகீனா ஒரு கைகூடப் பிழையாக வெட்டியதில்லை. சுபாஜினி அதைச் சொல்லவும் பயந்து, மடித்து வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து புஹாரி வரும்போது இஸ்ராவிடமிருந்து தகவல் வந்திருந்தது. விடுதிப் பொறுப்பாளர் அறிவித்திருக்கிறாராம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு ஒரு பஸ். மேற்கே, எல்லையை விட்டுத் தூரத்தில் உள்ள ஊருக்குப் போகும். விமான நிலையம் திறந்ததும் அங்கிருந்து அவரவர் நாட்டுக்குப் போகலாம். போகிறவர்கள் பாதுகாவலரின் கடிதம் காட்ட வேண்டும். போனால் இந்த மாதக் கடைசிப் பரீட்சை போய்விடும். ஒக்டோபரில் அடுத்த வகுப்புப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுத வேண்டும். தங்குகிறவர்களுக்குப் பரீட்சை சொன்ன தேதியில் நடக்கும்.

"நீங்க செல்றதச் செய்றன் உம்மா" என்று, முடிவு சொல்வதை உம்மாவிடமே விட்டு முடித்திருந்தாள்.

"எழுது" என்றார் புஹாரி. "இப்பவே எழுது. ஒரு பிள்ளைதான் நமக்கு. பரீட்சை எங்க ஓடுது?"

"எங்கட வாப்பாவும் இதத்தான் செல்லினார்."

"ஆமா, செல்லினார். அது சரியா பிழையா எண்டு எனக்குத் தெரியாது. கட்டின நாள்லேருந்து ஆயிரந்தரம் கேட்டும் தெரியாது. ஆனா நீ உசுரோட ஈக்கிறாய். முன்னுக்கு நிக்கிறாய். சண்டை பிடிக்கிறாய்."

"தங்கின பிள்ளைகளும் உசுரோடதான் ஈக்கிறாங்க. றஷீதா பென்சன் எடுக்கிறா."

"அது கோவா லொறிக் காலம். இது அணுகுண்டு."

புஹாரி சாதாரணமாக நாலு வார்த்தைக்கு மேல் பேசாத மனுஷன். அன்று பேசியதற்குப் பிறகு களைத்துப்போய்ப் பித்தளைக் குடங்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிட்டார். கையெழுத்து அவருடையதாக இருந்திருந்தால் பஸ்ஸுக்கு முதல் ஆளாக மகளை ஏற்றியிருப்பார். விண்ணப்பத்தில் இருந்தது ஸகீனாவின் பெயர்.

சனிக்கிழமை காலை அவள் கடையைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, அளவெழுதும் கொப்பியிலிருந்து தாள் கிழித்து எழுத உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்றால் எழும்பி எழும்பி உட்கார்ந்தாள். 'மகள் அங்கேயே தங்கிப் பரீட்சை எழுதட்டும்' என்று பொறுப்பாளருக்கு ஒரு கடிதம். தங்குவதற்குக் கடிதமே தேவையில்லை. ஆனாலும் எழுதினாள். நாளைக்கு யாரும், தாய் சொல்லித்தான் பிள்ளை படிப்பை விட்டது என்று சொல்லிவிடக் கூடாது. எழுதி வாசித்தாள். வாசிக்கும்போது அழகாகத்தான் இருந்தது. ஜன்னல் பக்கம் போனாள், வந்தாள், மறுபடி வாசித்தாள்.

சுபாஜினி ஒரு பக்கமாக இருந்து அந்த இடது கைகளைத் திருப்பிப் போட்டு, ஒட்டுத் துணி வைத்து எப்படியாவது வலது கையாக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாக இரண்டு பேரும் வேலைப் பேச்சு தவிர வேறு பேசவில்லை. ஜெயகுமாரின் பூவும் வரவில்லை.

கடைசியில் ஸகீனாவே தாளை நீட்டினாள். "பிழை ஈக்கா பாரு."

"எனக்கு இங்கிலீசு எங்க தெரியும் ராத்தா. என்னா எழுதியிருக்கீங்க?"

"தங்கட்டும் எண்டு."

சுபாஜினி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "சரிங்க. இஸ்ரா தங்குறேன்னு சொல்லிச்சா?"

"நா செல்றதச் செய்வாளாம்."

"அது உங்க விருப்பம்னு விட்டதுதானே. அதுக்கு என்னா ஆசைன்னு கேட்டீங்களா?"

"அவள்ட ஆசை படிப்புத்தான். சின்ன வயசுலேருந்து..." என்று தொடங்கிய ஸகீனா பாதியில் நிறுத்தினாள். கோவா மூட்டைமேல் ஏறும்போது வாப்பா கேட்காத கேள்வி ஒன்று இருந்தது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், ஊருக்கே சொல்லியிருக்கிறாள். தான் அதைக் கேட்டோமா என்று யோசித்துப் பார்த்தாள். மணி பதினொன்றரை.

போன் போட்டாள். இஸ்ரா எடுத்தாள். பின்னால் பெட்டி இழுக்கிற சத்தம்.

"மகள், நா செல்றத விடு. வாப்பா செல்றதையும் விடு. உனக்கு என்ன வேணும்?"

"நீங்க செல்லுங்க உம்மா."

"நா செல்ல மாட்டேன். நீ செல்லு."

பெட்டி இழுக்கிற சத்தம் நின்றது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஸகீனா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். பிறகு இஸ்ரா அழுதாள். நாலு நாளாகச் சிரித்துச் சிரித்துப் பேசிய பிள்ளை, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதாள்.

"எனக்குப் பயமா ஈக்கி உம்மா. புதன்கிழமை அந்தப் பிள்ளை அழுதது பல்லு வலியில இல்ல, பயத்துல. மேல சத்தம் கேட்டா எனக்குக் கை கால் விளங்குதில்ல. புத்தகத்தத் தொறந்தா எழுத்தே தெரியுதில்ல. வீட்டுக்கு வரணும் போல ஈக்கி."

"அப்ப ஏன்டி நீ செல்லல்ல?"

"எப்பிடிச் செல்ற? நீங்க எத்தனை தரம் செல்லீக்கிறீங்க அந்த லொறிக் கதைய. கொண்டு போய் ஏத்திட்டாங்க, ஏத்திட்டாங்க எண்டு. நான் நானாவே ஏறி வந்தா நீங்க என்னப் பத்தி என்ன நினைப்பீங்க? பயமா ஈக்கி எண்டு செல்லவே எனக்குப் பயமா இருந்திச்சு."

ஸகீனா தன்னையறியாமல் தையல் மெஷினுக்கு முன்னால் கிடந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அந்த உட்காரலைச் சுபாஜினி பார்த்தாள். பத்து நிமிஷம் என்றெல்லாம் இல்லை, ஒரு நிமிஷம்தான், ஆனால் அசையாத ஒரு நிமிஷம். கடையில் அளவெடுத்துக்கொண்டே சொல்லி, வருஷத்துக்கு வருஷம் வளர்த்த கதை. கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் அதை மனசில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறது.

"மகள், நா எழுதுறேன். பெட்டிய மூடு."

"பயம் எண்டு எழுதாதீங்க உம்மா. வெக்கம்."

"பின்ன என்ன எழுத?"

"தாய்க்குச் சுகமில்ல எண்டு எழுதுங்க."

"எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்ல. நா பொய் எழுத மாட்டேன்" என்றாள் ஸகீனா, மூன்று சோதனைச் சாவடியைப் பதினேழாக்கியவள். அந்தப் பக்கம் இஸ்ரா அழுகைக்கு நடுவே ஒரு தரம் சிரித்துவிட்டாள்.

கடிதம் நாலு வரி. மகள் வீட்டுக்கு வர விரும்புகிறாள், நானும் அதையே விரும்புகிறேன், பஸ்ஸில் அனுப்பி வையுங்கள், நன்றி. கையெழுத்து வைக்கும்போது பேனா தாளைக் கிழித்தது. சுபாஜினிதான் தாளை மெஷின்மேல் விரித்துப் படம் எடுத்து அனுப்பினாள். எழுதி வைத்திருந்த முதல் கடிதத்தை ஸகீனா சுக்குச் சுக்காகக் கிழித்து, வெட்டுத் துணிப் பையில் போட்டாள். புஹாரியிடம் போய், "வாறாளாம்" என்று ஒரு சொல் சொன்னாள். அவர் தொழ எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு வந்த பகலை எப்படிச் சொல்வது. பதுளையின் மே மாத வெயிலுக்கு நகரத் தெரியாது, அன்று நின்றே விட்டது. இரண்டரைக்கு பஸ் புறப்பட்டது என்று செய்தி. மூன்றரைக்கு ஒரு பாலத்தில் நிறுத்திப் பார்த்தார்கள் என்று செய்தி. நாலரைக்கு ஒன்றுமில்லை. ஐந்துக்கும் ஒன்றுமில்லை. ஸகீனா வலது கை பன்னிரண்டு வெட்டினாள். சரியாக வெட்டியிருக்கிறாளா என்று மூன்று தரம் சட்டையில் வைத்துப் பார்த்தாள். டிவியைப் போட்டாள், நிறுத்தினாள், போட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு டிவியில் எழுத்து ஓடியது: இரண்டு நாடும் சண்டையை நிறுத்தச் சம்மதம்.

தெருவில் யாரோ கைதட்டினார்கள். போனும் அடித்தது. "உம்மா, கேட்டீங்களா? பஸ்ஸ ஒரு கடையில நிப்பாட்டிட்டாங்க. சில பேரு திரும்பிப் போவம்ங்கிறாங்க. பரீட்சை எழுதலாம்தானே இனி. டிரைவரும் எங்கட முகத்தப் பாத்துக் கொண்டு நிக்கிறார். என்ன செய்ய?"

திரும்பிப் போ என்ற வார்த்தை ஸகீனாவின் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வெள்ளைக் கோட்டுப் போட்ட மகள், ஒக்டோபர் வரை காத்திருக்கத் தேவையில்லாத மகள், கண்ணுக்கு முன்னால் வந்து நின்றாள். ஸகீனா உதட்டைக் கடித்துக்கொண்டாள். "நா ஒண்டும் செல்ல மாட்டேன். முதல்ல கீழ எறங்கி முகத்தக் கழுவு. பிளேன்டீ ஏதாவது குடி. உன்ட கை நடுங்குதா எண்டு பாத்து முடிவெடு."

வைத்துவிட்டு வெளியே போனாள், உள்ளே வந்தாள். சுபாஜினி போகவேண்டிய பஸ் போய்விட்டது. அவள் எழும்பவில்லை. தன் போனை மெஷின்மேல் நிமிர்த்தி வைத்து, அதையே பார்த்துக்கொண்டு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். டிவியில், நிறுத்தச் சம்மதித்த பிறகும் ஜம்முப் பக்கம் வெடிச் சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். ஸகீனா அதைக் கேட்டதும் டிவியை அணைத்தாள். சுபாஜினி, "இருக்கட்டும் ராத்தா, போடுங்க" என்றாள். மறுபடி போட்டாள்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லி முடிந்தபோது செய்தி வந்தது. "நாங்க ஏழு பேரு முன்னுக்கே போறம். மத்தவங்க திரும்பிட்டாங்க. டீ குடிச்சேன் உம்மா, பாதி உடுப்புல. கை இன்னும் நடுங்குது. ஒக்டோபர்ல எழுதுவேன். கோவிக்க மாட்டீங்கதானே?"

ஸகீனா அதை இரண்டு தரம் வாசித்தாள். நெஞ்சிலிருந்து பெரிதாக ஒரு அல்ஹம்துலில்லாஹ் கிளம்பி வந்தது. தெரு முழுக்கக் கேட்கும்படி சொல்லக் கூடியவள்தான். வாயைத் திறந்தவள், மெஷினுக்கு அந்தப் பக்கம் வெற்றுப் போனைப் பார்த்துக்கொண்டிருந்த முகத்தைக் கண்டு, வாயை மூடிக்கொண்டாள். கோவம் இல்லை மகள், வா, என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.

சுபாஜினி தலை தூக்காமலே கேட்டாள். "வருதா இஸ்ரா?"

"ம்."

"சத்தமாச் சொல்லுங்க ராத்தா. எனக்காக வாயப் பொத்திக்க வேணாம்."

"நீ மடிப்ப அடி" என்றாள் ஸகீனா. முக்காலியை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "உன்ட ஆள் ஒரு பூவ அனுப்பட்டும். ரெண்டுக்கும் சேத்துச் செல்றேன்."